டெனர் சாக்ஸஃபோன் எடுக்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளில் டெனர் வாசிக்கிறவன் நான். பழைய வாத்தியம் விலை பேசப் போனால் முதலில் கழுத்துக் குழாயைப் பாருங்கள். டெனரைவிடச் சிறிய ஆல்டோ சாக்ஸஃபோனுக்கு அது ஒரே மடிப்பு. டெனருக்கு மேலெழும்பி, ஒரு பள்ளம் விழுந்து வரும்.

அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை எடுத்த இந்தக் குடும்பத்தில் சொப்ரானோவும் டெனரும் பி ஃபிளாட் சுருதி. ஆல்டோவும் பாரிட்டோனும் ஈ ஃபிளாட். ஆகவே கீபோர்டுக்காரர் சீ (C) சுருதியில் எடுத்தால் நீங்கள் டீயில் (D) பிடிக்க வேண்டும், ஆல்டோக்காரர் ஏயில் (A). மேடை ஏறமுன் கேட்டுவிடுங்கள். கத்ரி கோபால்நாத் வாசித்தது ஆல்டோ. அந்தச் சத்தத்தில் ஆசைப்பட்டு டெனரை வாங்கிவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

ரீடை, அதாவது மவுத்பீஸில் பொருத்தும் நாணல் பட்டையை, நனைத்து, அதன் நுனி மவுத்பீஸ் நுனியோடு சமமாக இருக்க வைத்து இறுக்குங்கள். கழுத்துப் பட்டியை மவுத்பீஸ் தானாக வாய்க்கு வருமளவுக்குக் கூட்டிக் குறையுங்கள்; தலை குனியக் கூடாது. ஆல்டோ பழகி வந்த பிள்ளைகள் கடித்துப் பிடிப்பார்கள். டெனருக்கு வாய் கொஞ்சம் தளர வேண்டும், காற்று கூட வேண்டும். கீழ் சுரங்கள் கரகரத்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முடிந்ததும் ரீடைக் கழற்றித் துடைத்து, குழாய்க்குள் துணி இழுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வாத்தியத்தை விட்டால் துளைகளை மூடும் பாட்களை (pad) ஒட்டிய அரக்கு இளகிவிடும்.