சார்ட் வாங்குவதற்கு முன்: பாடம் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் ஈரோட்டிலும் கோபியிலும் ஸ்டேஷனரி கடைகளில் சார்ட் பேப்பர், தெர்மகோல், ஸ்கெட்ச் பேனா வாங்க ஆசிரியர்கள் கூட்டமாக நிற்பார்கள். சொந்தக் காசில் வாங்குகிறார்கள், அந்த அக்கறையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது எந்தப் பாடத்துக்கு, எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்பதற்காக என்று கேட்டுப் பாருங்கள். "எதுக்காவது ஆகுமுங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். கருவியை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் அதற்கு ஒரு பாடத்தைத் தேடுவதுதான் எல்லாத் தவறுக்கும் மூத்த தவறு. ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது, மாட்டி வைத்ததைச் சும்மா விட்டால் மேலிருந்து கேள்வி வருமே!

பி.எட். நோட்டில் ஏ.டி.டி.ஐ.இ. (ADDIE) என்று பாடம் திட்டமிடும் ஐந்து படி படித்திருப்போம். 1975இல் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவானது. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு. பரீட்சைக்கு ஒப்பித்தோம். நடைமுறையில் மூன்றாவது படியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

சரி, பகுப்பாய்வு என்றால் என்ன? பலரும் போன வருஷ மார்க் லிஸ்ட்டை எடுத்து, 35க்குக் கீழே இருப்பவர்களைச் சிவப்பில் வட்டம் போடுவார்கள். மார்க் என்பது கூட்டுத்தொகை. கணக்கில் 28 வாங்கிய மூன்று பேருக்கு மூன்று இடத்தில் ஓட்டை இருக்கும், லிஸ்ட்டில் மூவரும் ஒரே வரிசை. அதைவிட மோசம், சரியான விடை எழுதிய பிள்ளைக்கும் ஓட்டை இருக்கலாம்.

தசம எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 0.7, 0.36 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் ஒரு பையன் 0.36 என்பான். ஏன்டா என்றால், "முப்பத்தாறு ஏழை விடப் பெரிசுங்க சார்" என்பான். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அவன் முழு எண்ணாகப் படிக்கிறான். பக்கத்தில் இருக்கும் பெண் 0.7 என்று சரியாகச் சொல்வாள், நாமும் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அவளிடமே 0.45, 0.3 என்று கொடுத்துப் பாருங்கள், 0.3தான் பெரியது என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. நூறாக வெட்டினால் துண்டு சின்னது, பத்தாக வெட்டினால் துண்டு பெரிது, அதனால் 0.3 பெரியது என்பது அவள் நியாயம். துண்டின் அளவைப் பார்த்தாள், எத்தனை துண்டு என்று பார்க்கவில்லை. முதல் கேள்வியில் அவளுக்கு டிக் கிடைத்ததே தவறான காரணத்துக்குத்தான். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டாவது கேள்வியில் அந்தப் பையன் சரியாகச் சொல்லிவிடுவான், நாற்பத்தைந்து மூன்றை விடப் பெரிது அல்லவா. ஆக ஒரே ஒரு கேள்வி கேட்டால் இருவரில் ஒருவர் கட்டாயம் தப்பிவிடுவார். இரண்டு ஜோடியும் கேட்டு, கூடவே "எப்படிச் சொன்ன?" என்றும் கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஒரு முழு யூனிட் டெஸ்ட் காட்டாததைக் காட்டிவிடும்.

இப்போது கருவிக்கு வருவோம். தசமம் என்றதும் நமக்கு வாயில் வருவது காசு. "பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசா, 12.50, அவ்வளவுதான்." பிள்ளைக்குப் புரிந்த மாதிரியே இருக்கும். ஆனால் அது அங்கே இரண்டு முழு எண்களைத்தான் படிக்கிறது, புள்ளி வெறும் வேலி. காசில் எப்போதும் இரண்டு இலக்கம்தான் வரும், 0.7க்குப் பக்கத்தில் 0.36 வரவே வராது, அதனால் அந்தப் பையனின் குழப்பம் வெளியே தெரியாமல் பத்திரமாக உள்ளேயே இருக்கும். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசும் இதே கதைதான். 0.700, 0.360 என்று மூன்று இலக்கம் காட்டும், எழுநூறு கிராம் என்று படித்துவிட்டுப் போய்விடுவான். அன்றாட வாழ்க்கையோடு தொடர்புபடுத்துங்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் எந்த அன்றாடப் பொருள் குழப்பத்தை வெளியே கொண்டுவரும், எது மூடி மறைக்கும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு ஒரு மீட்டர் நீளக் காகித நாடா போதும். பிள்ளைகளையே பத்தாக மடிக்கச் சொல்லி, ஒரு துண்டை மட்டும் திரும்பப் பத்தாகக் கோடு போடச் சொல்லி, 0.36ஐத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். செ.மீ. எண்களை அதில் எழுதிவிடாதீர்கள், எழுதினால் மறுபடி முழு எண்ணுக்கு ஓடிவிடுவார்கள். (திருப்பூர்ப் பக்கம் என்றால் பனியன் கட்டிங் வேஸ்ட் சும்மா கிடைக்கும், ஆனால் வேண்டாம். இழுத்தால் நீளும், அளவு போச்சு.)

திருப்பூரில் இன்னொன்றும் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வாக்கியக் கணக்கில் முட்டை வாங்கியதைப் பார்த்து கணக்கு வரவில்லை என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம்! அதே கணக்கை எண்ணாகக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால் போட்டுவிடும் பிள்ளைக்குத் தேவை தமிழ் வாசிப்பு, கணக்குச் சார்ட் இல்லை. தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைக்கும் இதேதான். கேள்வித்தாளும் ஒரு ஊடகம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சில விஷயம் கற்பித்தலால் தீராது. வீட்டுப்பாடம் வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தமா? சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே தறி ஓடும், அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து எழுத முடியாது, அல்லது தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கும். நாற்காலியில் உட்காரவைத்து இங்கேயே எழுது என்றால் எழுதிவிடுகிறானா? எழுதினால் அவனுக்குத் தேவை இன்னொரு தரம் நடத்துவது அல்ல, பள்ளி விட்டதும் ஒரு அரைமணி நேரமும் ஒரு மூலையும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வீடியோ தயார் செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். போன் அப்பாவோடு நைட் ஷிப்டுக்குப் போயிருக்கும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பது தேவையை அறியும் வழியே இல்லை. "புரிஞ்சுதுங்க சார்" என்று கோரஸாக வரும், மரியாதைக்கு வரும் பதில் அது. "என்ன வேணும்?" என்றால் வீடியோ வேணும் என்பார்கள். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வந்தது. நல்ல ஏற்பாடு, வயதைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்க்கிறது. கெடுப்பது நாம்தான். தமிழில் அரும்பு என்றால் கணக்கிலும் அரும்பு என்று நினைப்பதும், ஜூனில் ஒட்டிய பெயரை மார்ச் வரை கழற்றாமல் விடுவதும், போதாததற்கு "அரும்புப் பசங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று சத்தமாகக் கூப்பிடுவதும். நிலை என்பது அந்த வாரம் என்ன கொடுப்பது என்று நமக்குச் சொல்லும் குறிப்பு, பிள்ளைக்கு வைக்கும் பெயர் இல்லை.

அப்புறம் பயிற்சி பி.பி.டி.க்களில் சாகாமல் சுற்றும் இரண்டு சமாச்சாரம். ஒன்று, படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று ஒரு முக்கோணம். அதற்கு மூலம் என்று காட்டப்படுவது அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் போட்ட கூம்புப் படம். அதில் அந்தச் சதவீதமே கிடையாது, பின்னால் யாரோ சேர்த்தது. எண்கள் அவ்வளவு உருண்டையாக இருக்கும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பிள்ளை காட்சி வழி, அந்தப் பிள்ளை செவி வழி என்று பிரித்து அதற்கேற்ற ஊடகம் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008லேயே அலசி எழுதிவிட்டார்கள். உலக வரைபடத்தைச் செவி வழியாகவும், உச்சரிப்பைக் காட்சி வழியாகவும் எப்படிக் கொடுப்பது? ஊடகத்தை முடிவு செய்ய வேண்டியது பாடப்பொருள்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983இல் ஒரு படி மேலே போய், ஊடகம் என்பது மளிகை கொண்டுவரும் லாரி மாதிரி, லாரியை மாற்றினால் நம் சத்து கூடாது என்றார். அதற்கு மறுப்பும் வந்தது. என் கணக்குக்கு அவர் சொன்னது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி, சில பொருள் சில லாரியில்தான் ஏறும் என்பது.

மஞ்சளைப் பாருங்கள். வேரா தண்டா என்று ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டால், மண்ணுக்குள் இருப்பதால் வேர் என்றுதான் சொல்லும். ஸ்மார்ட் போர்டில் படத்தைக் காட்டி, இது மட்டநிலத்தண்டு என்று எழுதிப் போட்டால் மனப்பாடம் செய்துகொள்ளும். பொங்கல் சமயத்தில் ஒரு பச்சை மஞ்சள் கொத்தைக் கையில் கொடுத்தால் கணு தெரியும், செதில் தெரியும், மொட்டு முளைத்து நிற்பது தெரியும், வேருக்குக் கணு உண்டா என்று அதுவே யோசிக்கும். வேகவைத்துப் பாலிஷ் போட்ட விரலியைக் கொண்டுவந்தால் மொட்டு எல்லாம் போயிருக்கும், பிரயோஜனமில்லை. மற்ற மாதங்களில் சமையலறை இஞ்சி போதும். ஆனால் மகரந்தத்தூள் சூலகத்துக்குள் குழாய் விட்டு இறங்குவதை எந்தப் பூவைப் பிய்த்தாலும் காட்ட முடியாது, அதற்கு அனிமேஷன்தான். கண்ணுக்குத் தெரிவதையும் கையில் பிடிக்க முடிவதையும் திரையில் காட்டாதீர்கள். ரொம்பச் சின்னது, ரொம்ப மெதுவானது, கிட்டப் போக முடியாத ஆபத்தானது, இவற்றுக்குத் திரையை வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ போடுவதிலும் ஒரு சறுக்கல். படம் ஓடும், குரல் பேசும், அதே வாசகம் கீழே எழுத்திலும் ஓடும், பின்னணியில் இசை வேறு. கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் சொல்வது, படமும் குரலும் இருக்கும்போது அதே வார்த்தைகளை எழுத்திலும் போட்டால் பொதுவாகப் புரிதல் குறைகிறது, கண் இரண்டு இடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. தமிழில் தடுமாறும் பிள்ளைக்கோ காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கோ அந்த எழுத்து உதவும், எனவே வகுப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எப்படியும் ஐந்து நிமிட வீடியோவை ஒரே மூச்சில் ஓட்டாமல் நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேளுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் கடைசி பெஞ்சில் ஒரு தரம் நீங்களே உட்கார்ந்து பாருங்கள், மத்தியான வெயில் ஜன்னல் வழியாகத் திரையில் விழும் நேரத்தில் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு, "சூப்பருங்க" என்றால் பாடம் போய்ச் சேர்ந்தது என்று எழுதிவிட வேண்டாம். ஒரு வாரம் கழித்து, முன்பு கேட்ட அதே மாதிரி, ஆனால் வேறு எண்களை வைத்து இரண்டு ஜோடி கேளுங்கள். 0.8, 0.65 ஒன்று, 0.52, 0.4 இன்னொன்று. முதலில் 0.36 என்று சொன்ன பையன் இப்போது முதல் ஜோடியைச் சரியாகச் சொல்லி இரண்டாவதில் 0.4 என்றால், அவன் திருந்தவில்லை, பக்கத்துப் பெண்ணின் தவறுக்கு மாறியிருக்கிறான். நாடாவை மறுபடி எடுக்க வேண்டும், இந்த முறை எத்தனை துண்டு என்று எண்ணச் சொல்லி.