ஒரே பாட்டை இரண்டு முறை கேட்பது எப்படி: 'ஃபெர்ரி க்ராஸ் த மெர்ஸி'

லிவர்பூலுக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வருடம். என்னோடு நைட் ஷிஃப்ட் பார்த்த மூத்த அம்மா ஒருவர் படுக்கை விரிப்பை மாற்றும்போதெல்லாம் இந்தப் பாட்டை முணுமுணுப்பார். நல்லா இருக்கே என்றேன். "இரண்டையும் கேட்டாயா?" என்றார். இரண்டு பதிவு உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சொல்லித்தந்த வரிசையிலேயே கேளுங்கள்.

முதலில் 1964 பதிவு. ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழுவின் ஜெர்ரி மார்ஸ்டன் எழுதிப் பாடியது. தயாரித்தவர், பீட்டில்ஸ் பாடல்களையும் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின். வீடியோ வேண்டாம், ஹெட்ஃபோன் போதும். இரண்டரை நிமிடம்கூட ஆகாது. வயலின்களை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மெர்ஸி ஆற்றைக் கடக்கும் படகு, இது எனக்குப் பிடித்த ஊர், இங்கேயே இருந்துவிடுகிறேன், அவ்வளவுதான் சேதி. உன் பெயர் என்னவாக இருந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்ற பொருளில் ஒரு வரி வரும். கடல் தாண்டி வந்த எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

உடனே அடுத்ததற்குப் போகாதீர்கள். நடுவில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் மோதிய, எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி. ரசிகர்கள் நின்றபடி ஆட்டம் பார்க்கும், கம்பிவேலி போட்ட பகுதியில் கூட்டம் நெரிந்து லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். பாட்டின் இரண்டாம் பதிவு வந்தபோது எண்ணிக்கை 95. அன்று பட்ட காயத்தால் 1993-இல் ஒருவர், 2021-இல் இன்னொருவர் என்று இப்போது 97. தவறு ரசிகர்களுடையது அல்ல, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016-இல்தான் ஜூரி தீர்ப்புச் சொன்னது. 27 வருடம்! இந்த ஊரில் யாரிடமும் இதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துவைத்திருங்கள்.

சரி, இப்போது 1989 பதிவு. அந்தத் துயரம் நடந்த அடுத்த மாதமே, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்காக வெளிவந்தது. பாடியவர்கள் மார்ஸ்டன், பால் மெக்கார்ட்னி, ஹாலி ஜான்சன், தி கிறிஸ்டியன்ஸ் குழு, எல்லோரும் லிவர்பூல்காரர்கள். தயாரிப்பு, ஸ்டாக் எய்ட்கன் வாட்டர்மேன் என்ற மூவர் கூட்டணி. பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தக் காலத்துப் பளபளப்பான கீபோர்டு ஒலி முதலில் உறுத்தலாம், எனக்கும் உறுத்தியது. இரண்டாம் முறை கேட்கும்போது ஒரு தாளில் எந்த வரி யாருடைய குரல் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மார்ஸ்டனின் குரல் வரும் இடத்தில் நிறுத்தி, பழைய பதிவில் அதே வரியைப் போடுங்கள். நடுவில் 25 வருடம். அப்புறம் அந்த 'இங்கேயே இருப்பேன்'. முன்பு அது ஓர் இளைஞனின் ஆசை. இப்போது, வீடு திரும்பாத பிள்ளைகளுக்காக ஓர் ஊரே அதைப் பாடுகிறது.

நேரமிருந்தால் 1985-க்கும் போய்வாருங்கள். பிராட்ஃபோர்டு கால்பந்து மைதானத் தீவிபத்தில் 56 பேர் இறந்தபோதும் மார்ஸ்டன் தன் பழைய வெற்றிப்பாட்டு ஒன்றை, 'தி கிரவுட்' என்ற பெயரில் பலரைச் சேர்த்துத் திரும்பப் பாடினார். 'யூ வில் நெவர் வாக் அலோன்' என்ற அந்தப் பாட்டும் முதலிடம் போனது.

1989 பதிவு இசைத்தட்டாகவே வேண்டும் என்றால் பழைய கடைகளில் அதை வெளியிட்ட பி.டபிள்யு.எல். நிறுவனத்தின் லேபிளைத் தேடுங்கள். ஆனால் நீங்கள் கொடுக்கும் காசு கடைக்காரருக்குத்தான் போகும். உதவ நினைப்பவர்கள் அதைத் தனியாகச் செய்யுங்கள்.

லிவர்பூலுக்கு வர வாய்த்தால் பியர் ஹெட் படகுத்துறையில் படகு ஏறுங்கள். நான் போனபோது ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டையே போட்டார்கள். திரும்பி வரும்போது மேல்தளத்தில் முன்பக்கம் நில்லுங்கள். லிவர் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் இரண்டு பறவைச் சிலைகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். காற்று பலமாக அடிக்கும். கனமான கோட்டு போட்டுக்கொள்ளுங்கள், காதை மட்டும் மூடாதீர்கள்.