தோற்ற ஆட்டத்தை உடனே எஞ்சினில் போடாதீர்கள்

செஸ் டோர்னமெண்டில் தோற்று வீட்டுக்கு வந்தவர், சட்டைகூட மாற்றாமல் ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷில், அதாவது ஆட்டத்தை அலசும் கணினி எஞ்சினில், போடுகிறார். எந்த நகர்த்தலுக்குத் தவறு என்று கேள்விக்குறி விழுந்தது என்று பார்க்கிறார், மூடிவிடுகிறார். அலசியாயிற்றாம்! கிளப் ஆட்டக்காரர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான்.

அடிக்கடி வரும் ஒரு நிலையைப் பாருங்கள். இத்தாலியன் ஆட்டம் என்ற தொடக்கம். (சி4, எஃப்7 என்பவை கட்டங்களின் பெயர்கள்: எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை.) வெள்ளையின் பிஷப் சி4-ல், குதிரை ஜி5-ல். இரண்டுக்கும் எஃப்7 மேல் கண். கறுப்பு ஒரு சிப்பாயை டி5-க்குத் தள்ள, வெள்ளை சிப்பாயால் வெட்டுகிறது. கறுப்பு சட்டென்று குதிரையால் திருப்பி வெட்டுகிறது. உடனே வெள்ளைக் குதிரை எஃப்7-ல் பாய்கிறது. ராஜா அதை வெட்டினால் ராணி எஃப்3-ல் செக். டி5 குதிரைக்கும் அதே அடி. குதிரையைக் காப்பாற்ற ராஜா ஈ6-க்கு, நடுப்பலகைக்கு நடந்து போக வேண்டும். பயந்து ஜி8-க்கு ஓடினால் மூன்றே நகர்த்தலில் மேட்.

'திருப்பி வெட்டாமல் இன்னொரு குதிரையை ஏ5-க்கு ஆடியிருக்கலாம்' என்று எஞ்சின் சொல்லும். சரி. ஆனால் வெட்டும்போது கறுப்பு ஆடியவர் எஃப்7-ஐப் பார்க்கவே இல்லையா, பார்த்தும் சமாளிக்கலாம் என்று நினைத்தாரா, வெட்டினால் வெட்டு என்ற கைப்பழக்கமா? இது எஞ்சினுக்குத் தெரியாது. மறுநாள் அவருக்கே மறந்துவிடும். அதனால் அன்றே ஸ்கோர் ஷீட் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாள்) ஓரத்தில் எழுதிவிடுங்கள். எதிராளியையும் கேளுங்கள். நீங்கள் கால் மணி நேரம் பயந்த மிரட்டல் அவர் கண்ணிலேயே பட்டிருக்காது.

எஞ்சின் மதிப்பீட்டில் 0.4 புள்ளி குறைந்ததற்காக ஒரு மாலையைத் தொலைப்பது இன்னொரு தவறு. ஒரு சிப்பாய்க்கு ஏறக்குறைய ஒரு புள்ளி. அது அரைச் சிப்பாய்கூட இல்லை. நம் ஆட்டங்களில் யானையே சும்மா போகிறது.

ஜெயித்த ஆட்டத்தை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன நிலையில் வெள்ளை எஃப்7-ஐக் கவனிக்காமல் காஸ்லிங் செய்து (ராஜாவை யானையோடு ஓரமாக ஒதுக்கி), நாற்பதாவது நகர்த்தலில் எப்படியோ ஜெயித்தார் என்று வையுங்கள். எதைத் தவறவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

உலக சாம்பியனாக இருந்த போட்வினிக், சொந்த ஆட்டங்களை அலசி அச்சிலும் போடச் சொன்னவர். ஓட்டையை மற்றவர்கள் காட்டுவார்கள் அல்லவா? நமக்கு அச்சு வேண்டாம். எழுதியதைக் கிளப்பில் ஒருவரிடம் காட்டினால் போதும், சிரித்துக்கொண்டே இரண்டு ஓட்டை சொல்வார். ஸ்டாக்ஃபிஷ் அதற்கப்புறம்.