டீபக்கரின் ஸ்டெப் கட்டளைகள்: ஏஐ ஏஜென்ட்டுக்கு எழுதும் ஆவணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலை ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டிப் பிழை தேட உதவும் கருவி டீபக்கர். அதன் கட்டளைகளை ஆவணங்கள் வழக்கமாக இப்படி விளக்கும்: "'ஸ்டெப்' ஃபங்ஷனுக்குள் போகும், 'நெக்ஸ்ட்' அதைத் தாண்டிப் போகும்." மனிதர்களுக்கு இந்த விளக்கம் போதும். எதிர்பாராத இடத்தில் நின்றாலும் திரையைப் பார்த்ததும் புரிந்துவிடும். டீபக்கரைத் தானே இயக்கும் ஏஐ ஏஜென்ட்டோ ஆவணத்தில் உள்ளதை நம்பியே அடுத்த அடியை எடுத்து வைக்கும். ஒரு கட்டளை எங்கெல்லாம் நிற்கக்கூடும், நின்ற பிறகு எந்த மதிப்பை நம்பலாம் என்ற இரண்டையும் எழுதாத ஆவணம் அதற்குப் பாதி ஆவணம்தான்.

முதலில் விடுபடுவது, திரையில் தெரியும் வரி இனிமேல்தான் ஓடப்போகிறது என்ற தகவல். 42ஆம் வரியில் 'மொத்தம் = கணக்கிடு(பட்டியல்)' என்று இருக்கிறது, டீபக்கர் அங்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் உடனே 'மொத்தம்' என்ன என்று கேட்டால் சி மொழியில் குப்பை மதிப்பு வரலாம். பைத்தானில் அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை வரலாம். அதைப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கும் ஃபங்ஷனைத் திருத்தக் கிளம்பிவிடும்.

இதைவிட நுட்பமானது 'ஃபினிஷ்'. "ஃபங்ஷன் முடியும்வரை ஓடும்" என்று மட்டும் எழுதுவதுதான் வழக்கம். சி போன்ற மொழிகளுக்கான டீபக்கர் ஜிடிபி. அதில், 'கணக்கிடு' ஃபங்ஷனுக்குள் இருக்கும்போது 'ஃபினிஷ்' கொடுத்தால் அழைத்த ஃபங்ஷனுக்குத் திரும்பி, அதே 42ஆம் வரியின் நடுவில் நிற்கும். திரும்பிய மதிப்பை அச்சிட்டுவிடும், ஆனால் 'மொத்தம்' பெரும்பாலும் இன்னும் பழைய மதிப்போடுதான் இருக்கும். ஒரு 'நெக்ஸ்ட்' கொடுத்த பிறகே புதியது ஏறும். பைத்தானின் டீபக்கரான பிடிபியில் இதற்கு இணையாகச் சொல்லப்படும் 'ரிட்டர்ன்' வெளியே வருவதே இல்லை. ஃபங்ஷனின் கடைசிக் கட்டத்தில், உள்ளேயே நிற்கும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் விளக்கினால் ஏஜென்ட் தவறான ஃப்ரேமில் (ஒரு ஃபங்ஷன் அழைப்பின் வேரியபிள்கள் இருக்கும் இடம்) வேரியபிளைத் தேடும். இன்னொன்று: ஜிடிபியின் 'ஃபினிஷ்' தேர்ந்தெடுத்த ஃப்ரேமிலிருந்து வெளியேறும். ஏஜென்ட் அதற்கு முன் 'அப்' கொடுத்து, அழைத்த ஃபங்ஷனின் ஃப்ரேமுக்கு மேலே போயிருந்தால், நினைத்ததைவிட ஒரு ஃபங்ஷன் அதிகமாக ஓடி முடிந்துவிடும்.

'ஸ்டெப்' எப்போதும் உள்ளே போகும் என்று எழுதுவதும் தவறு. டீபக் தகவல் (ஓடும் நிரலை மூல நிரலின் வரிகளோடு இணைக்கும் குறிப்பு) இல்லாத ஃபங்ஷன் என்றால் ஜிடிபியில் அது 'நெக்ஸ்ட்' போலவே தாண்டிவிடும். எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரும் இயல்பாக அப்படித்தான். மறுபக்கம், 'நெக்ஸ்ட்' எப்போதும் தாண்டும் என்பதும் சரியல்ல. அழைக்கப்பட்ட ஃபங்ஷனுக்குள் பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டும் என்று குறித்து வைத்த இடம்) இருந்தால் அங்கே நின்றுவிடும். அதன் பின் கொடுக்கும் 'நெக்ஸ்ட்' எல்லாம் அந்த உள் ஃபங்ஷனுக்குள்ளேயே நகரும். ஜிடிபியில் 'நெக்ஸ்ட் 10' கூட பத்து முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிரேக்பாயின்ட்டோ சிக்னலோ (நிரலுக்கு இயங்குதளம் அனுப்பும் அறிவிப்பு) குறுக்கிட்டால் பாதியில் நிற்கும்.

சுருக்கப் பெயர்களை டீபக்கரின் பெயரோடு சேர்க்காமல் எழுதவே கூடாது. 'யூ' என்ற ஒற்றை எழுத்து பிடிபியில் 'அப்', ஜிடிபியில் நிரலை முன்னோக்கி ஓட்டும் 'அன்டில்'. 'பி' ஜிடிபியில் மதிப்பை அச்சிடும், விண்டோஸின் டீபக்கரான வின்டிபிஜியில் ஒரு அடி ஓட்டிவிடும். 'ஆர்' பிடிபியில் 'ரிட்டர்ன்'. ஜிடிபியில் 'ரன்', அதாவது நிரலை முதலிலிருந்து தொடங்குவது. மனிதர் டெர்மினலில் அடித்தால் ஜிடிபி "நிச்சயமா?" என்று கேட்கும். ஏஜென்ட் டெர்மினல் இல்லாமல் பைப் வழியாக அனுப்பினால் 'ஆம்' என்ற பதிலைத் தானே எடுத்துக்கொண்டு ஓடும். அதுவரை சேர்த்த நிலை அத்தனையும் போய்விடும். ஏஜென்ட்டுக்கான ஆவணத்தில் முழுப் பெயர்களே இருக்கட்டும்.

வெற்று வரியும் ஒரு கட்டளைதான். பிடிபியிலும் ஜிடிபி டெர்மினலிலும் அது முந்தைய கட்டளையைத் திரும்ப ஓட்டும். ஏஜென்ட்டின் கட்டளையை அனுப்பும் கருவி அதன் முடிவில் கூடுதலாக ஒரு புது வரியைச் சேர்த்தால் ஒரு 'நெக்ஸ்ட்' இரண்டாகிவிடும். அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

டீபக்கரை ஒரு நெறிமுறை (மென்பொருள்கள் செய்தி பரிமாறும் விதிமுறை) வழியாக இயக்கும்போது, பதில் வந்ததையும் நிரல் நின்றதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். எடிட்டர்களும் டீபக்கர்களும் பேசிக்கொள்ளப் பயன்படும் டீபக் அடாப்டர் புரோட்டோகாலில் 'நெக்ஸ்ட்' கோரிக்கைக்கு வரும் பதில், கோரிக்கை ஏற்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. நிரல் நின்றதற்கு அடையாளம் தனியாக வரும் 'ஸ்டாப்ட்' நிகழ்வு. ஜிடிபியை வேறு மென்பொருள் இயக்குவதற்கான எம்ஐ முறையிலும் முதலில் 'ரன்னிங்', பிறகுதான் காரணத்தோடு 'ஸ்டாப்ட்'. அந்தக் காரணத்தைப் படித்த பிறகே அடுத்த கட்டளை என்று ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்: ஸ்டெப் இயல்பாக முடிந்ததா, பிரேக்பாயின்ட்டா, சிக்னலா, நிரலே முடிந்துவிட்டதா? அடாப்டர் புரோட்டோகாலில் முன்பு வாங்கிய ஃப்ரேம் எண்களும் வேரியபிள் குறிப்பெண்களும் நிரல் மீண்டும் ஓடியதும் செல்லாதவை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிதாகக் கேட்க வேண்டும். 'ஸ்டாப்ட்' வரவே இல்லையென்றால், நிரல் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கலாம். எத்தனை விநாடி பொறுப்பது, பிறகு எப்படி இடைமறிப்பது என்பதும் அங்கேயே இருக்க வேண்டும்.

பல த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத் தொடர்) உள்ள நிரலில் ஒரு த்ரெட்டை ஸ்டெப் செய்யும்போது மற்றவை சும்மா இருக்காது; ஜிடிபியில் அவற்றை ஓடவிடுவதா என்று தீர்மானிக்கும் 'ஷெட்யூலர்-லாக்கிங்' அமைப்பு எப்படி இருக்கிறது என்பதைக் குறிப்பிடுங்கள். ஓ2 போன்ற ஆப்டிமைசேஷனோடு (வேகத்துக்காகக் கம்பைலர் நிரலை மாற்றியமைப்பது) தொகுத்த நிரலில் வரி எண் முன்னும் பின்னும் தாவும். அதை லூப் என்று ஏஜென்ட் எண்ணிவிடாதபடி, முடிந்தால் ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0 கொண்டு தொகுக்கச் சொல்லுங்கள்.

எழுதியதைச் சோதிக்க ஒரு சிறு நிரல் போதும். அதில் ஒரு ரிகர்ஷன் (தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்), ஒரு லூப், டீபக் தகவல் இல்லாத ஒரு லைப்ரரி அழைப்பு, அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள் ஒரு பிரேக்பாயின்ட் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டளையையும் அதில் ஓட்டி, வந்த வெளியீட்டை அப்படியே, டீபக்கரின் பதிப்பு எண்ணோடு ஆவணத்தில் ஒட்டுங்கள். நினைவிலிருந்து எழுதிய மாதிரி வெளியீட்டில் ஒரு வார்த்தை மாறியிருந்தாலும், அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கும் ஏஜென்ட் அங்கேயே நின்றுவிடும்.