மொட்டை மாடியில் வேலை அறை எழுப்புவது எப்படி?

எழுநூறு சதுர அடி வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவரும் இருந்தால், மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்பும் எண்ணம் வருவது இயல்பு. புதிய சுவர்கள் கீழே எதன்மீது உட்காரப்போகின்றன என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.

பத்தடி உயரமுள்ள 9 அங்குலச் செங்கல் சுவர், ஓர் அடி நீளத்துக்கே ஏறத்தாழ 400 கிலோ எடை கொண்டது. இந்தச் சுமையைத் தளத்தின் நடுப்பகுதியில் ஏற்றக் கூடாது. கீழ்ச்சுவரின்மீதோ பீமின்மீதோதான் சுவர் எழ வேண்டும். 6 அங்குல ஏஏசி கல்லில் (காற்றுத் துளைகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்) கட்டினால் பூச்சு நீங்கலாக அதே ஓர் அடிக்கு 100 கிலோவுக்குள் அடங்கும் என்பதால், பழைய வீடுகளுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். மாடி எழுப்புவதற்காகப் பில்லர் தலையில் விட்டுவைத்த கம்பிகள் செதில் செதிலாகத் துருவேறியிருந்தால், மேஸ்திரியின் வாய்மொழியை நம்பாமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, பில்லர் ஓரம் பள்ளம் தோண்டி அடித்தளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2024-இல் சுயசான்று முறையை, அதாவது விதிப்படியே கட்டுவதாக உரிமையாளரே சான்றளித்து இணையவழியில் அனுமதி பெறும் முறையை, கொண்டுவந்தது. உங்கள் விரிவாக்கம் அதில் அடங்குமா என்பதைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவுக்கு வருவோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒற்றை அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் கேட்கிறது. 10 அடிக்கு 12 அடி அறை அதற்குப் போதும். வரைபடத்தை ஒப்புக்கொள்வதற்கு முன், மாடித் தரையில் சுண்ணக்கட்டியால் அறையைக் கோடிட்டு, அதற்குள் கட்டிலையும் 2 அடி ஆழ மேசையையும் நாற்காலியையும் போட்டுப் பாருங்கள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்க மேசைக்குப் பின்னால் 3 அடியாவது வேண்டும். கதவு திறக்கும் வளைவையும் வரைந்தால்தான் கட்டில் எங்கே இடிக்கும் என்பது தெரியவரும். மேசைக்கு அருகே வடக்குச் சுவரில் சன்னல் வைத்தால், திரையில் வெயில் கூசாத சீரான வெளிச்சம் கிடைக்கும். மேற்குச் சுவரை அலமாரிக்கு விட்டுவிடலாம். தகரக் கூரை செலவைக் குறைக்கும் என்றாலும், பகலில் உட்கார்ந்து வேலை செய்யும் அறைக்கு அதை நான் ஒப்பமாட்டேன்.

வேலை தொடர்பாக வெளியாட்கள் வருவார்களானால், படிக்கட்டை வெளிப்புறமாகவே அமையுங்கள். பத்தரை அடி ஏற 7 அங்குல உயரத்தில் 18 ஏற்றங்கள் வேண்டும். மிதிகல் 10 அங்குலமாக இருந்தால் நேர்ப்படிக்கு 14 அடிக்கும் சற்று மேலான நீளம் பிடிக்கும் என்பதால், சிறிய மனையில் நடுவில் திருப்பம் வைப்பதே வழி.

பலரும் கோட்டைவிடுவது சுவரின் அடிப்பகுதியில்தான். மாடித் தரையில் தட்டோடும் அதன்கீழ்ச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையும் இருக்கும். அவற்றின்மேலேயே சுவர் வைத்தால் பிடிமானமும் இராது, மழைநீரும் அடியில் ஊறி உள்ளே வரும். சுவர் வரும் அகலத்துக்கு அவற்றை வெட்டியெடுத்து, கான்கிரீட் தளத்தின்மேலேயே முதல் வரிசையைக் கட்டச் சொல்லுங்கள். வாசற்படி மாடித் தரையைவிட 4 அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். கழிவறையைக் கீழ்க்கழிவறைக்கு நேர்மேலே அமைத்து, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அதன் தரையில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தென்படுகிறதா என்று பார்த்த பிறகே மேஸ்திரிக்கு அந்த வேலைக்கான பணத்தைத் தீருங்கள்.