அப்பாயியிடம் பழைய கதை கேட்பது எப்படி?

"அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லேன், அப்பாயி" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். "என்னத்தைச் சொல்ல, ஏதோ காலம் ஓடிவிட்டது" என்று வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். வயது எண்பத்தாறு இருக்கலாம்.

அடுத்த முறை கேள்வி எதையும் கொண்டுபோகவில்லை. பரணிலிருந்து பித்தளைப் படியையும் ஆழாக்கையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, ஒரு முறம் அரிசியோடு அவர் முன்னால் வைத்தேன். பத்து வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பாயி ஆழாக்கில் அரிசியை முகந்தார், உள்ளங்கையால் தலைதட்டினார், படிக்குள் கொட்டியபடி "லாபம்" என்றார். பிறகு "இரண்டு, மூன்று" என்று போனார்.

"ஒன்று எங்கே?" என்றான் பையன்.

களத்தில் நெல் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அதைச் சொல்லத் தொடங்கியவர் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தவில்லை. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அறுப்புக் கூலி அளக்கும்போது மாமியார் அழுத்தித் தலைதட்டுவாராம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அப்பாயி இரண்டு கை அள்ளிக் கூடப் போட்டுவிடுவாராம். அறுபது வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். தச்சு வேலை பார்த்த தாத்தாவுக்கு இழைப்புளி, கடலுக்குப் போனவருக்கு வலை பின்னும் ஊசி. வாய் மறந்ததைக் கை மறப்பதில்லை.

காலைப் பலகாரமும் மாத்திரையும் முடிந்த பத்து மணிதான் நல்ல நேரம். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்வார்கள். கத்த வேண்டாம். கத்தினால் குரல் கீச்சிடும், வயதானால் பெரும்பாலும் முதலில் மங்குவது அந்த உயர்ந்த சுருதிதான். கனத்த குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். பதிவு செய்யலாமா என்று கேட்டு, போனை அவர் கண்ணெதிரே மடித்த துண்டின்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

வருஷம் கேட்டால் திகைத்துப்போவார்கள். அப்போது ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அப்பாயிக்குத் தன் கல்யாண வருஷம் தெரியவில்லை. ஆனால் அணா போய் நயா பைசா வந்த கோடையில்தான் கல்யாணம் என்பது நினைவிருந்தது. அது 1957 ஏப்ரல். நாலணாவுக்கு 25 பைசா சரி, ஓரணாவுக்கு ஆறேகால் வருகிறதே, அந்தக் கால் பைசா எங்கே போயிற்று என்று கடைக்காரரிடம் அவர் சண்டை போட்டதும் அப்படித்தான் கிடைத்தது. நம் பக்கத்தவர்களுக்கு 1952 புயலும் 1964-இல் தனுஷ்கோடி அழிந்ததும் இதேபோல் கைகொடுக்கும்.

இடையில் திருத்தாதீர்கள். ஒருமுறை உறவினர் ஒருவர் "அது அப்படியில்லை" என்று குறுக்கிட்டார். அப்பாயி அன்று அதற்குமேல் பேசவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. தேதி தவறாக இருந்தால் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம், பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது? அவர்கள் மௌனமாக இருந்தால் நாமும் இருக்க வேண்டும். சில சமயம் அதற்குப் பிறகுதான் முக்கியமானது வரும்.

அன்றிரவே ஆள் பெயர், ஊர்ப் பெயர், வயல் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, மறுநாள் அவரிடமே படித்துக் காட்டுங்கள். அப்பாயி பதினொரு வயல்களின் பெயர் சொன்னார். அவற்றில் நான்கு எங்கே என்று இப்போது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பொங்கலுக்கு அவரைக் காரில் உட்காரவைத்து வாய்க்கால் மதகுவரை கூட்டிப்போகிறோம். அங்கிருந்து அவர் கை காட்டுவார், பையன் வரப்பில் நடந்து போய்ப் பார்த்து எழுதுவான்.