மூங்கில் மேல் பழி போடாதீர்கள்

காட்டில் தீ என்றதும், “மூங்கில் உரசிப் பிடித்திருக்கும்” என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறே இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிப்ரவரி முதல் மே வரை புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். அதில் தீ விழுவது பெரும்பாலும் மனிதர் கையிலிருந்துதான்: அணைக்காத பீடி, கல் அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு. ஆகவே சாலையோரம், மாட்டுத்தடம், மலைக்கோயில் பாதை ஆகிய இடங்களில் கவனம் கூடுதலாக வேண்டும். அமெரிக்காவில்கூட 1992 முதல் 2012 வரை பதிவான காட்டுத்தீயில் 84 சதவீதம் மனிதர்களால் வந்தவை.

சரி, பாதையை எல்லாம் அடைத்துவிட்டால் போதுமா? அப்படி நினைப்பதும் தவறு. பாதையோரத் தீ சட்டென்று கண்ணில் படும், அணைக்க ஆளும் வந்து சேரும். எட்டாத சரிவில் பற்றினால் தெரியவே நேரமாகும். அதற்குள் அது பரவிவிடும். மாடு மேய்ப்பவர்களும் பழங்குடியினரும்தான் பல இடங்களில் முதலில் புகையைப் பார்ப்பவர்கள். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர், கோடை முற்றும் முன்பே சருகுக்குச் சிறு தீ வைத்து, காட்டில் படர்ந்துவிடும் அயல் புதரான உண்ணிச்செடியை அடக்கி வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களையும் சுற்றுலா வண்டியையும் ஒரே கணக்கில் சேர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செயற்கைக்கோள் வரைபடத்தின் சிவப்புப் புள்ளியைப் பார்த்து, ‘இங்கேதான் வைத்தார்கள்’ என்று முடிவு கட்டுவோரும் உண்டு. புள்ளி காட்டுவது வெப்பத்தை மட்டுமே. செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் என்ற கருவியில் ஒரு புள்ளி சுமார் 1 கி.மீ. அகலம், வியர்ஸ் என்ற இன்னொரு கருவியில் 375 மீட்டர். சாலையோரத்தில் பற்றி அரைமணியில் அணைந்த தீ அதில் வராமலே போகலாம். உள்ளே நாள்கணக்கில் எரிந்ததுதான் பளிச்சென்று தெரியும்.

அப்புறம், மலையேறுபவர்களுக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் புல்மலைச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். கீழே எரியும் சுடர் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். தீக்காலத்தில் அனுமதியில்லாத தடத்தில் போகாதீர்கள், காய்ந்த புல்மேல் சூடான வண்டியை நிறுத்தாதீர்கள். கீழே புகை தெரிந்தால் உச்சியை நோக்கி ஓட வேண்டாம். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து ஆறிய கரித்தரைக்கோ போங்கள்.